வெளிச்சத்தைப் பங்கு வைத்த வீடு

(கட்டடக்கலை மாணவர்களும் பொதுமக்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரே ஒரு வீட்டைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியப் பகுதியில், பார்சிலோனா நகரில், பசேச் த கிராசியா என்ற பெருவீதியில், 43-ஆம் எண் வீடு. பெயர் காசா பல்யோ. காசா என்றால் வீடு. பல்யோ என்பது வீட்டுக்காரரின் குடும்பப் பெயர். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் ‘பட்லோ’ என்பார்கள். அவ்வூர் மக்கள் வாயில் அது பல்யோ. நம் ஊரில் ‘டாக்டர் வீடு’, ‘மிராசுதார் வீடு’ என்று சொல்லிப் பழகிவிடுகிறோமே, அதே மாதிரி விழுந்த பெயர்தான்.

இந்த வீட்டின் முகத்தை உங்களில் பலர் படத்தில் பார்த்திருப்பீர்கள். எலும்பு போன்ற தூண்கள், முகமூடி போன்ற பால்கனிகள், செதில் போர்த்திய கூரை. பார்சிலோனாக்காரர்கள் இதை ‘எலும்பு வீடு’ என்றே அழைத்தார்கள். உலகம் இதுவரை அந்த முகத்தைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறது. நான் பேச விரும்புவது அதன் வயிற்றைப் பற்றி. வீட்டின் நட்டநடுவே, கூரையிலிருந்து கீழ்த்தளம் வரை ஒரு வெளிச்சக் கிணறு இறங்குகிறது. அதைப் பார்க்கத்தான் நான் போனேன்.

ஏன் அதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முப்பது ஆண்டுகள் கட்டட வேலையில் இருந்தவன் நான். சென்னையில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியில் எங்கள் வீடு முதல் தளம். சமையலறை ஜன்னல் ஓ.டி.எஸ். பக்கம் திறக்கும். நம் பொறியாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த சொல் அது: வானம் பார்க்க விட்ட இடைவெளி. ஆனால் எங்கள் ஜன்னலிலிருந்து கழுத்தை வளைத்து எட்டிப் பார்த்தால்தான் வானம் தெரியும். நண்பகல் பன்னிரண்டு மணிக்கும் டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டுதான் என் மனைவி அரிசி களைவார். அதே இடைவெளி வழியாக நான்காம் மாடிக்காரர்களுக்குக் கண் கூசும் வெயில். அவர்கள் ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தார்கள். மேலே இருப்பவருக்கு மிச்சம், கீழே இருப்பவருக்குப் பஞ்சம். குழி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நான் நம்பியிருந்தேன். காசா பல்யோவின் நடுவே நின்ற அரை மணி நேரத்தில் அந்த நம்பிக்கை போய்விட்டது.

மதில் இடிந்த நகரம்

வீட்டுக்குள் போகும் முன் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பார்சிலோனா நெடுங்காலம் கோட்டை மதிலுக்குள் அடைபட்டுக் கிடந்த நகரம். மதிலைத் தாண்டி வீடு கட்ட ராணுவம் அனுமதிக்கவில்லை. உள்ளே ஜனம் பெருகப் பெருக வீடுகள் உயர்ந்தன, தெருக்கள் ஒடுங்கின. பஞ்சாலைகள் வந்தபோது, வேலை தேடி வந்தவர்களும் அந்த மதிலுக்குள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டு தங்கினார்கள். 1821-இல் மஞ்சள் காய்ச்சல் உயிர்களைக் கொள்ளை கொண்டு போனது. 1834-இல் காலரா, 1854-இல் மறுபடியும் காலரா. அந்த 1854-ஆம் ஆண்டில்தான் மதிலை இடிக்கும் வேலை தொடங்கியது.

மதிலுக்கு வெளியே எழவிருந்த புதிய நகரத்துக்குத் திட்டம் வரைந்தவர் இல்தெஃபோன்ஸ் செர்தா என்ற பொறியாளர். 1859-இல் மாட்ரிட் அரசு அவருடைய திட்டத்தை ஏற்றது. தொழிலாளர்களின் கூலி எவ்வளவு, வாடகை எவ்வளவு, சாப்பாட்டுச் செலவு எவ்வளவு என்று 1856-இலேயே விரிவாகக் கணக்கெடுத்து வைத்திருந்தவர் அவர். நோய்க்கும் இருட்டறைக்கும் உள்ள உறவு அவருக்குத் தெரியும். அதனால் காற்றும் வெயிலும் எல்லா வீட்டுக்கும் போக வேண்டும் என்பதையே திட்டத்தின் அடிப்படையாக வைத்தார். 20 மீட்டர் அகலத் தெருக்கள். பக்கத்துக்கு ஏறத்தாழ 113 மீட்டர் அளவில் சதுர மனைத்தொகுதிகள். தெருக்கள் சந்திக்கும் இடத்தில் வெளிச்சமும் பார்வையும் தடைப்படாதபடி மூலையை வெட்டிவிட்ட கட்டடங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு பக்கம் மட்டும் வீடுகள், நடுவே தோட்டம். ‘எஷாம்ப்ளா’, அதாவது விரிவாக்கம் என்று அந்தப் பகுதிக்குப் பெயர்.

தெருக்கள் அவர் போட்ட கோட்டின்படியே அமைந்தன. தோட்டங்கள்தான் போய்விட்டன. நில விலை ஏற ஏற, உடைமையாளர்கள் நான்கு பக்கமும் கட்டினார்கள்; உள்பக்கமும் நீட்டினார்கள். ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய, முகம் ஒடுங்கிய, உள்ளே ஆழமாகப் போகிற வீடுகள் உருவாயின. அந்த வீடுகளுக்கு முன்பக்கத்திலிருந்து கொஞ்சம் வெளிச்சம், பின்பக்கத்திலிருந்து கொஞ்சம் வெளிச்சம். நடுவில் இருக்கிற அறைகள் இருட்டு. வெளிச்சத்துக்காகவே போடப்பட்ட நகரத்தில், வீட்டின் நடுவே இருட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொண்டால்தான் காசா பல்யோவை உருவாக்கிய கட்டடக் கலைஞர் அந்தோனி கௌதி என்ன செய்தார் என்பது விளங்கும்.

இடிக்காமல் விட்ட வீடு

43-ஆம் எண்ணில் 1877-இல் எமிலியோ சாலா கோர்த்தேஸ் கட்டிய ஒரு சாதாரண வீடு நின்றது. மின்விளக்கு வீடுகளுக்கு வராத காலத்து வீடு. அதை 1903-இல் ஜுசெப் பல்யோ என்ற துணி ஆலை அதிபர் வாங்கினார். அவருக்கு அந்தப் பழைய வீட்டின் மேல் எந்தப் பிரியமும் இல்லை. இடித்துத் தள்ளிவிட்டு, வீதியில் வேறு யாரிடமும் இல்லாத மாதிரி ஒரு வீடு வேண்டும் என்றுதான் கௌதியிடம் வந்தார். கௌதிக்கு அப்போது ஐம்பது வயது கடந்திருந்தது. 1852-இல் பிறந்தவர், தகப்பனார் செம்புப் பாத்திரம் செய்கிறவர். தகட்டை அடித்து வளைத்து வெறும் தகட்டுக்குள் ஒரு கொள்ளளவை உண்டாக்குகிற வேலையைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளை. 1883-லிருந்து சக்ரதா ஃபமீலியா பேராலயத்தின் பொறுப்பு அவர் கையில் இருந்தது.

இடிக்க வேண்டாம் என்று கௌதி சொன்னார். வீட்டின் உடம்பு நன்றாக இருக்கிறது, திருத்தினால் போதும் என்பது அவர் முடிவு. 1904-இல் தொடங்கி 1906-இல் முடித்தார். முகப்பை மாற்றினார், தடுப்புச் சுவர்களை மாற்றிப் போட்டார், மேலே மாடம் எழுப்பினார். எல்லாவற்றையும்விட முக்கியமாக, நடுவே இருந்த ஒடுங்கிய வெளிச்சக் குழியை அகலப்படுத்தினார்.

மாணவர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். உலகம் போற்றும் இந்தக் கட்டடம் புதிதாகக் கட்டிய கட்டடம் இல்லை. பழுது பார்த்த கட்டடம். பழைய வீட்டை வாங்கினால் முதலில் இடிக்கும் இயந்திரத்துக்கு ஆள் சொல்லி அனுப்புகிற காலத்தில் நாம் இருக்கிறோம். இருக்கிற சுவரை மதித்து, அதற்குள் குறை எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்துவது புதிதாகக் கட்டுவதைவிடக் கடினம். அந்தக் கடினத்தை ஒரு மேதை விரும்பி ஏற்றார்.

முகப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. கீழே மொன்ஜூயிக் குன்றின் மணற்கல்லைச் செதுக்கி வளைத்திருக்கிறார்கள். மேலே சுவர் முழுக்க வண்ணக் கண்ணாடித் துண்டுகளும் பீங்கான் வட்டுகளும். உடைந்த துண்டுகளைப் பதிக்கிற இந்த வேலைக்குக் கத்தலான் மொழியில் ‘திரெங்கதிஸ்’ என்று பெயர். உடைத்தல் என்ற வினையிலிருந்து பிறந்த சொல். நமக்கு இது புதிதில்லை. வெயில் இறங்காமலிருக்க மொட்டை மாடியில் உடைந்த வெள்ளை டைல்ஸ் பதிக்கிறோமே, அந்த வேலைதான். வளைந்த பரப்பில் முழுக் கல் உட்காராது, துண்டுதான் உட்காரும். எந்தத் துண்டு எங்கே என்பதற்கு வரைபடம் போட முடியாது. கௌதி நேரே வீதியில் நின்றுகொண்டு, மேலே சாரத்தில் இருந்த ஆட்களுக்கு ஒவ்வொரு நிறத்தையும் சொல்லிச் சொல்லிப் பதிக்க வைத்தார்.

அவரோடு துணை நின்றவர்களையும் சொல்ல வேண்டும். கட்டுமானத்தை எடுத்துச் செய்தவர் ஜுசெப் பயோ. நிறத்திலும் வடிவத்திலும் கைகொடுத்தவர் ஜுசெப் மரியா ஜுஜோல் என்ற இளைஞர். இரும்பு வேலை பதியா சகோதரர்களுடையது. கண்ணாடி ஜுசெப் பெலெக்ரியுடையது. மரவேலை காசஸ் பார்தேஸ் பட்டறையுடையது. கத்தலான் மாடர்னிசம் என்று நாம் அழைக்கிற அந்த இயக்கமே கொத்தனார், தச்சர், கொல்லர், கண்ணாடிக்காரர் எல்லோரும் ஒரே கட்டடத்தில் தங்கள் கைத்திறனை முழுதாகக் காட்டியதால் வந்தது. கட்டடக் கலைஞர் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போவது அவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

கிணற்றின் அடியில்

காலையில் முதல் ஆட்களோடு நான் உள்ளே போனேன். வீட்டுக்காரருக்கான தனிப் படிக்கட்டில் கருவாலி மரக் கைப்பிடி, ஏதோ பெரிய விலங்கின் முதுகெலும்பு மாதிரி வளைந்து மேலேறுகிறது. மேலே பல்யோ குடும்பம் வசித்த பிரதான தளம். அலுவல் அறையின் சுவரில் காளான் வடிவத்தில் ஒரு கணப்படுப்புக் குடைந்திருக்கிறார்கள். அதன் இரு பக்கமும் உட்கார இடம். கூடத்தின் விதானம் சுழித்துச் சுழித்து நடுவிளக்கில் போய் முடிகிறது. வீதியைப் பார்த்த பெரிய சாளரத்தின் சட்டங்களுக்கிடையே நிலைக்கம்பு கிடையாது. எடைக்கட்டி வைத்து மேலே ஏறும் சட்டங்கள் அவை. எல்லாவற்றையும் தூக்கிவிட்டால் கூடம் முழுவதும் வீதியை நோக்கித் திறந்துவிடுகிறது. அறைகளுக்கிடையிலான கதவுகளிலும் கண்ணாடி பதித்து, முன்னறை வெளிச்சத்தைப் பின்னறைக்கு அனுப்பியிருக்கிறார்.

கூட்டம் அந்தக் கூடத்தில்தான் தேங்கி நின்றது. நான் நகர்ந்து, மற்றக் குடித்தனக்காரர்கள் புழங்கிய பொதுப் படிக்கட்டுக்கு வந்தேன். பிரதான தளத்தில்தான் வீட்டுக்காரர் இருந்தார். மேல் தளங்கள் வாடகைக்கு. நடுவே மரக் கூண்டு லிஃப்ட். லிஃப்டையும் படிக்கட்டையும் சுற்றி நான்கு பக்கமும் அந்தக் கிணறு.

முதலில் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். உச்சியில் இரும்புச் சட்டத்தில் கண்ணாடிக் கூரை. சுவர் முழுதும் நீலக் கற்கள். கீழிருந்து மேல் வரை ஒரே நீலமாகத் தெரிந்தது. பிறகு படியேறத் தொடங்கினேன். ஒவ்வொரு தளத்திலும் நின்று, சுவரருகே போய்ப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது: நிறம் ஒன்றில்லை. உச்சியில் இருக்கிற கல் ஆழ்கடல் நீலம். அதற்குக் கீழே கொஞ்சம் வெளிறல். இன்னும் கீழே ஆகாய நீலம். அடித்தளத்துக்கு வரும்போது கிட்டத்தட்ட வெள்ளை, லேசாக நீலம் கலந்த முத்து நிறம். கற்களில் சில சமதளம், சில புடைப்பு. புடைப்பின் மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். ஒளி விழுகிற பக்கம் மின்னியது, மறுபக்கம் நிழல் தட்டியிருந்தது.

ஏன் இப்படி? உச்சியில் வெளிச்சம் ஏராளம். அங்கே கருநீலக் கல் அதில் ஒரு பங்கை விழுங்கிக்கொள்கிறது. கீழே இறங்க இறங்க வெளிச்சம் மெலிகிறது. அங்கே வெள்ளைக் கல், வந்து சேர்ந்த கொஞ்சத்தையும் வீணாக்காமல் திருப்பி வீட்டுக்குள் எறிகிறது. மேலே அதிகமும் கீழே குறைவும் சேர்ந்து ஏறக்குறைய சமமாகிவிடுகின்றன. கீழே நின்ற என் கண்ணுக்கு எல்லாம் ஒரே நீலமாகத் தெரிந்ததே, அதற்குக் காரணம் இந்தக் கணக்கு.

அடுத்தது ஜன்னல். மேல் தளத்து ஜன்னல்கள் சின்னவை. ஒவ்வொரு தளமாக இறங்கும்போது ஜன்னல் பெரிதாகிக்கொண்டே வருகிறது. அடியில் இருக்கிற ஜன்னல்தான் எல்லாவற்றிலும் பெரியது. வசதி அதிகம் உள்ளவருக்குச் சின்ன வாசல், குறைவாகக் கிடைப்பவருக்குப் பெரிய வாசல். ரேஷன் கடைத் தராசு மாதிரி அளந்து கொடுத்திருக்கிறார்.

மூன்றாவது, காற்று. ஜன்னலின் அடியில் மரத்தால் செய்த நீண்ட திறப்புகள் இருக்கின்றன. மீனின் செவுள் மாதிரி வரிசையாகப் பலகைகள். குளிர்காலத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டு இதை மட்டும் கொஞ்சம் திறந்து வைக்கலாம். எவ்வளவு காற்று வேண்டும் என்பதை வீட்டில் இருப்பவரே தீர்மானித்துக்கொள்ளலாம். மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். கை நீட்டினால் எட்டும் ஒரு பலகை போதும்.

படிக்கட்டின் ஓரம் நெளிநெளியான கண்ணாடித் தடுப்புகள் வைத்திருக்கிறார்கள். அதன் வழியாகச் சுவரைப் பார்த்தால் நீலம் அலையாக அசைகிறது. நீருக்கடியில் நிற்பது போல இருக்கிறது. பார்வையாளர்கள் எல்லோரும் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கட்டும். அந்த அழகு இருப்பது எனக்கும் சந்தோஷம். ஆனால் அந்த அழகு அளவிலிருந்து வந்தது என்பதை மறக்கக் கூடாது. கடல் மாதிரி இருக்கட்டும் என்று மட்டும் நினைத்து அந்த நீலத்தை அவர் இறக்கவில்லை. கீழ்த்தளத்துக் குடித்தனக்காரருக்கு வெளிச்சம் சேர வேண்டும் என்று நினைத்து நிறத்தை இறக்கினார். கடல் கூடவே வந்தது.

அண்டை வீட்டுக்காரரின் வானம்

மேலே மாடத்துக்குப் போனால் வெள்ளை வெளேர் என்று அறுபது வளைவுகள். வேலைக்காரர்கள் துணி துவைத்த இடமும் சாமான் வைத்த இடமும் அதுதான். கழுத்தில் போட்ட சங்கிலி இரு பக்கமும் பிடித்துத் தொங்குகிறதல்லவா, அந்த வளைவைத் தலைகீழாக நிறுத்தினால் வருகிற வடிவம் இது. தொங்கும்போது சங்கிலி முழுவதும் இழுவிசை மட்டும் இருக்கிறது. கவிழ்த்து நிறுத்தினால் முழுவதும் அழுத்தவிசை மட்டும். செங்கல்லுக்கு அழுத்தத்தைத் தாங்கத் தெரியும், இழுவையைத் தாங்கத் தெரியாது. அதனால் மெல்லிய செங்கல் வளைவே கூரையைச் சுமந்துவிடுகிறது. துணி துவைக்கிற இடம்தானே என்று அங்கே கை தளரவில்லை. வீட்டிலேயே மனதுக்கு மிக அமைதி தருகிற இடம் எனக்கு அந்த மாடம்தான்.

மொட்டை மாடியில், பளபளக்கும் செதில்களோடு கூரை ஒரு விலங்கின் முதுகாக உயர்கிறது. கத்தலோனியாவின் காவல் புனிதர் சான் ஜோர்தி. அவர் பறவை நாகத்தைக் கொன்ற கதையை மக்கள் அந்தக் கூரையில் வாசிக்கிறார்கள்: முதுகு நாகம், அருகில் உள்ள கோபுரம் அதில் பாய்ந்த ஈட்டி. ஏப்ரல் 23-ஆம் தேதி அவர் திருநாளில் பால்கனிகளை ரோஜாக்களால் அலங்கரிக்கிறார்கள். கோபுரத்தின் உச்சியில் நான்கு கைச் சிலுவை ஒன்று இருக்கிறது. மயோர்க்காத் தீவில் செய்து கொண்டுவந்தது. வரும் வழியில் அது விரிசல் விட்டுவிட்டது. செய்தவர்கள் வேறு செய்து தருவதாகச் சொன்னார்கள். கௌதி வேண்டாம் என்று சொல்லி, துண்டுகளை ஒட்டி, விரிசல் தெரியும்படியே மேலே ஏற்றினார். பழைய வீட்டை இடிக்காதவர், உடைந்த சிலுவையையும் எறியவில்லை.

அந்தக் கோபுரம் ஏன் நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாகத் தள்ளி நிற்கிறது என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். விடை அடுத்த வீட்டில் இருக்கிறது. இடப்பக்கத்தில் காசா அமல்யே. சாக்லேட் வணிகர் அந்தோனி அமல்யேவுக்காக ஜுசெப் புய்ச் இ கதஃபால்க் 1900-இல் முடித்த வீடு. அதன் நெற்றி படிப்படியாக ஏறி இறங்கும் ஓர் அழகிய வடிவம். அதே வரிசையின் மூலையில் லூயிஸ் தொமேனெக் இ முந்தனே செய்த காசா யேயோ மொரேரா. மூன்று பெரிய கட்டடக் கலைஞர்களின் மூன்று விதமான வீடுகள் ஒரே தொகுதியில் போட்டி போட்டு நிற்பதால், ஊரார் அதற்குப் ‘பிணக்குத் தொகுதி’ என்று பெயர் வைத்தார்கள். ஸ்பானிய மொழியில் ‘மன்சானா’ என்ற சொல்லுக்கு மனைத்தொகுதி என்றும் ஆப்பிள் என்றும் பொருள். கிரேக்கக் கதையில் தேவதைகளிடையே சண்டை மூட்டிய பொன் ஆப்பிளை நினைத்து வைத்த சிலேடைப் பெயர்.

பெயர் பிணக்கு, கல்லில் இருப்பது மரியாதை. அமல்யே வீட்டை ஒட்டிய பக்கத்தில் கௌதி தன் கட்டடத்தின் உயரத்தைத் தாழ்த்திக்கொண்டார். கோபுரத்தை நடுவிலிருந்து நகர்த்தினார். அந்த மூலையில் ஒரு சின்ன மாடித் தளத்தை விட்டு, அண்டை வீட்டு நெற்றி மறையாமல் பார்த்துக்கொண்டார். கட்டடத்துக்குள் குடித்தனக்காரர்களிடையே வெளிச்சத்தைப் பங்கு வைத்த அதே கை, வெளியே பக்கத்து வீட்டுக்கு வானத்தைப் பங்கு விட்டிருக்கிறது.

கணக்குப் பார்க்க வேண்டிய இடம்

ஒரு கேள்வியைத் தவிர்த்துவிட்டு நான் இந்த மேடையிலிருந்து இறங்க முடியாது. இந்த வெளிச்சம் யாருக்குக் கிடைத்தது? துணி ஆலை அதிபர் குடும்பத்துக்கும், அந்த வீதியில் வாடகை கொடுக்க வசதியுள்ளவர்களுக்கும் கிடைத்தது. அந்த ஆலைகளில் நூற்றவர்களும் நெய்தவர்களும் பழைய நகரத்தின் இருட்டுச் சந்துகளில்தான் இருந்தார்கள். வீடு முடிந்த மூன்றாம் ஆண்டில், 1909 ஜூலையில், மொரோக்கோ போருக்கு ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் படைக்குக் கூப்பிட்டபோது, பார்சிலோனா கொந்தளித்தது. மடங்களும் தேவாலயங்களும் தீப்பற்றி எரிந்தன. ‘துயர வாரம்’ என்று அதை வரலாறு குறிக்கிறது. காசா பல்யோவின் அழகைச் சொல்லிவிட்டு அந்தப் புகையைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது.

ஆனால் அந்தக் கிணற்றைப் பார்த்த பொறியாளனாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் பணத்தால் மட்டுமே முடிந்தவை நிறைய இருக்கின்றன: கருவாலிப் படிக்கட்டு, செதுக்கிய கல், வண்ணக் கண்ணாடி. வெளிச்சக் கிணற்றின் அறிவுக்கு அந்தப் பணம் தேவையில்லை. சுவரின் மேல்பக்கம் கருமையாகவும் கீழ்ப்பக்கம் வெண்மையாகவும் இருக்க வேண்டும் என்பதற்குச் சுண்ணாம்பும் கொஞ்சம் வண்ணமும் போதும். மேல் ஜன்னலைச் சிறிதாக்கிக் கீழ் ஜன்னலைப் பெரிதாக்கக் கூடுதல் செலவு கிடையாது. மொத்த மரமும் கண்ணாடியும் அவ்வளவேதான். பணக்காரர் வீட்டில் பிறந்தாலும், எந்த ஏழை வீட்டிலும் வாழத் தகுந்த யோசனை அது. நூறாண்டுக்கு மேல் கண் முன்னே நிற்கிற அதை நாம் எடுத்துக்கொள்ளாததுதான் என் வருத்தம்.

2005-இல் யுனெஸ்கோ இந்த வீட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2021-இல் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கெங்கோ குமா, கூரையிலிருந்து அடித்தளம் வரை இறங்குகிற ஒரு புதிய படிக்கட்டைச் சுற்றி அலுமினியச் சங்கிலித் திரைகளை அமைத்தார். மேலே வெளிறிய சங்கிலிகள். இறங்க இறங்கக் கறுத்துக்கொண்டே போய், அடியில் இருட்டு. வெளிச்சம் தன்போக்கில் விட்டால் எப்படிச் சாகும் என்பதை அந்தச் சங்கிலிகளில் பார்த்தேன். சில அடி தூரத்தில், அதே வெளிச்சத்தைக் கடைசிப் படி வரை கைப்பிடித்து அழைத்து வந்த கௌதியின் சுவர். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தது எனக்குப் பெரிய பாடம்.

வெளியே வந்து வீதியில் நின்றேன். காலுக்கடியில் அறுகோணக் கற்கள். கடல்வாழ் உயிர்களின் உருவம் புடைத்த கற்கள். கௌதி இந்த வீட்டுக்காகத்தான் அதை முதலில் வடிவமைத்தார். எஸ்கோஃபெட் நிறுவனம் வார்த்தது. ஆத்தங்குடிக் கல் போலவே சூளையில் சுடாமல் சிமெண்டில் வார்த்து எடுக்கும் கல். கடைசியில் அது இதே வீதியில் அவர் கட்டிய காசா மிலாவின் அறைகளுக்குப் போனது. இன்று அந்த வடிவம் வீதியின் நடைபாதை முழுவதும் பரவிக் கிடக்கிறது. ஒரு கல்லை மட்டும் தனியாகப் பார்த்தால் எந்த உருவமும் முழுமையாக இருக்காது. பக்கத்துக் கல் வந்து சேர்ந்தால்தான் சுருள் சுருளாக நிறைகிறது. அனுமதிச் சீட்டு வாங்க வசதி இல்லாதவரும், வேலைக்கு ஓடுகிறவரும் அதன் மேல்தான் நடந்து போகிறார்கள். அந்த வீட்டிலிருந்து ஊருக்குக் கிடைத்த ஒரு பங்கு அது.

மாணவர்களே, நாளை நீங்கள் வரைபடம் போடப் போகிறீர்கள். ஒரு சின்னக் கட்டத்தை வரைந்து, குறுக்கே இரண்டு கோடு போட்டு, உள்ளே ஓ.டி.எஸ். என்று எழுதுவீர்கள். விதிப்படி அளவு சரியாக இருந்தால் அனுமதியும் கிடைத்துவிடும். கையெழுத்துப் போடும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். அந்தக் கட்டத்தின் அடியில், முதல் தளத்துச் சமையலறை ஜன்னல் பக்கம், மனதால் போய் நில்லுங்கள். நண்பகல் பன்னிரண்டு மணி. அங்கே ஒருவர் அரிசி களைந்துகொண்டிருக்கிறார். அவர் கையில் இருக்கிற பாத்திரத்தில் கல் இருந்தால் விளக்குப் போடாமல் தெரியுமா என்று பாருங்கள். தெரியாது என்றால், கோட்டை அழித்துவிட்டு மறுபடி வரையுங்கள். மேல் ஜன்னலிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கீழ் ஜன்னலுக்குக் கொடுங்கள். கீழ்ச் சுவருக்கு வெள்ளை அடிக்கச் சொல்லுங்கள்.